நெடிலில் தொடங்கும் பெயர்

பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்
பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார்.
அந்த நிறுத்தத்தில் வளர்ந்தவள் நான்.

ஆவுளியா. தகப்பன் பெயர் சந்தியாகு. ஊர் காரங்காடு.

குறிலா நெடிலா என்று கேட்டுக்கொண்டுதான்
தொண்டி வங்கிக்காரர் எழுதினார்.
நெடில் என்றேன்.
கணக்குப் புத்தகத்தில் குறில் வந்தது.
அந்தப் புத்தகத்தைப் பார்த்த கீழக்கரைத் துணிக்கடைக்காரர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
"அவுலியா என்றால் இறைநேசர்கள், அம்மா.
பன்மை. ஒருத்திக்குள் அத்தனை பேர்" என்றார்.
நான் மறுக்கவில்லை.
ஐந்நூற்று முப்பது ரூபாய்ச் சேலை
நானூற்று எண்பதுக்குக் கிடைத்தது.

அதற்கும் முன்னால், ஆறாம் வகுப்பில்,
இப்படி ஒரு பெயர் கிடையாது என்று தீர்ப்பளித்து
தலைமையாசிரியர் சிவப்பு மையால் திருத்தினார்: ஆவுடையாள்.
மூன்று வருடம்
லிங்கத்தைத் தாங்கும் பீடமாக வருகைப் பதிவேட்டில் இருந்தேன்.
பங்குச் சாமியார் பரவாயில்லை.
ஞானஸ்நான ஏட்டில் பிலோமினா என்று எழுதி
ஓரத்தில் பென்சிலால்
'வீட்டில் வேறு' என்று குறித்து வைத்திருந்தார்.

எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை.
கடலடிக் கோரையை மாடுபோல மேய்வது,
மூச்சுக்கு மேலே வருவது,
துடுப்புக் கையால் குட்டியை அணைத்துப் பால் கொடுப்பது.
நான் தெருவில் போனால்
பையன்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு
"புஸ்ஸ்" என்பார்கள்.

நான் பிறந்த ராத்திரி
அப்பாவின் வலையில் ஓர் ஆவுளியா சிக்கியது.
வலைக்கு வெளியே அதன் குட்டி.
எட்டாயிரம் ரூபாய் வலையை
ஒரே இழுப்பில் கத்தியால் அறுத்துவிட்டாராம்.
தாயும் பிள்ளையும் போன திசையைப் பார்த்துக்
கும்பிட்டாராம்.
இதை வனத்துறைக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்லி
ஒரு சால்வையும் டார்ச் லைட்டும் வாங்கிவந்தார்.

அம்மா அன்று கடைசி வரிசையில் இருந்தாள்.
வீட்டுக்கு வந்து கணவாய் கழுவும்போது,
முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்:
"அறுத்தது நெசந்தான். வலையத்தான் அறுக்கல."

ஆஸ்பத்திரிக்குக் கட்டவேண்டியிருந்தது.
என்ஜினுக்கு வாங்கிய கடனில் வட்டி நின்றது.
பதினோரு பங்கு போட்டார்கள்.
பால் நன்றாகச் சுரக்குமென்று
எங்கள் வீட்டுக்கும் ஒரு சட்டி வந்தது.
அம்மா தின்றாள். எனக்குச் சுரந்தது.

குட்டி மூன்று நாள்
படகுகள் கட்டும் இடத்திலேயே
மூச்சு விட்டு விட்டுத் திரிந்ததாம்.
நாலாம் நாள் காணோம்.
ஐந்தாம் நாள் அப்பா
யாரையும் கேட்காமல் எனக்குப் பெயர் வைத்தார்.

இப்போது பாலத்தடியில் பெரிய எழுத்தில்
'ஆவுளியாவைத் துன்புறுத்துவது தண்டனைக்குரிய குற்றம்',
கீழே ஒரு தொலைபேசி எண்.
என் புருஷனோடு சண்டை வந்தால்
அந்தச் சுவரைத்தான் காட்டுகிறேன்.

வாக்காளர் பட்டியலில் தேடச் சொன்னேன் ஒருமுறை.
எங்கள் தொகுதி முழுக்க நான் ஒருத்திதான்.
ஒருத்தி என்று நினைத்திருந்தேன்,
போன மாதம் வரை.
தடுப்பூசி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற
தேவிபட்டினத்துப் பெண்
என் பெயரைக் கேட்டதும் திரும்பினாள்.
"யா-வுல முடியுது. புதுசா இருக்கு.
எண் கணிதத்துக்கும் சரியா வருதுக்கா."
விரலை மடக்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள்.
மடியில் இருந்தது
பதினெட்டு நாள் பிள்ளை,
வாய் ஓரத்தில் பால் காய்ந்து.

"அர்த்தம் என்னக்கா? ஏன் வச்சாங்க?"

வரிசை நகரவில்லை.
மின்விசிறி ஓடவில்லை.
அப்பாவின் கதையைச் சொன்னேன்,
கத்தி, ஒரே இழுப்பு, கும்பிடு எல்லாம்.

வலையின் விலையை மட்டும்
பன்னிரண்டாயிரம் ஆக்கினேன்.